அலர்ஜி ரிப்போர்ட்டில் '4 பிளஸ்'... தறியை விட்டுடணுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் விடிகாலையில் போயிருக்கிறீர்களா? தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கமாக நின்று இழை பிரித்துக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். அப்புறம் பாவு சுருண்டு வீட்டுக்குள் போய்விடும். உள்ளே குழித்தறிச் சத்தம் ஆரம்பிக்கும். கூடத்தில் தறி, அதை ஒட்டினாற்போல அடுப்படி, ராத்திரியானால் தறிக்குப் பக்கத்திலேயே படுக்கை. பல நெசவாளர் வீடுகளில் வேலை செய்கிற இடமும் தூங்குகிற இடமும் ஒன்றுதான்.

அப்படி ஒரு வீட்டில் உங்களுக்கோ, உங்கள் அப்பாவுக்கோ காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்து, பதினைந்து தும்மல் என்று வைத்துக்கொள்வோம். மூக்கில் தண்ணீராக ஊற்றுகிறது, மழைக்காலத்தில் ராத்திரி இழுப்பு வேறு. ஒருநாள் சென்னைக்குப் போய் அலர்ஜி டெஸ்ட் எடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் தூசு 4 பிளஸ், கரப்பான்பூச்சி 3 பிளஸ், பட்டு 2 பிளஸ் என்று வருகிறது. பேப்பரைப் பார்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'அப்போ தறியை விட்டுடணுமா?' என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது கேள்வி, '4 பிளஸ்னா ரொம்ப சீரியஸா?'

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு வரவே முடியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

அந்த பிளஸ் எதை அளக்கிறது?

ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் ரொம்ப எளிமையானது. முன்கையில் ஒவ்வொரு பொருளின் சாறையும் ஒரு சொட்டு வைத்து, ஊசிமுனையால் லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒத்துக்கொள்ளாத பொருள் வைத்த இடம் கொசு கடித்த மாதிரி தடித்திருக்கும். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிடத் தடிப்பு 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் 'பாசிட்டிவ்'. தடிப்பு பெரிதாகப் பெரிதாக பிளஸ் கூடும். ரத்தப் பரிசோதனையாக எடுத்தால், அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கு எதிராக உங்கள் உடல் எவ்வளவு 'ஐஜிஇ' என்ற எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கி வைத்திருக்கிறது என்று எண்ணாகவே வந்துவிடும். (டெஸ்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பிருந்து அலர்ஜி மாத்திரை சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் தடிப்பு வராமல் ஏமாற்றிவிடும். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

இந்த இரண்டு டெஸ்ட்டும் சொல்வது ஒன்றைத்தான்: உங்கள் உடல் அந்தப் பொருளை 'எதிரி' என்று அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு சென்சிடைசேஷன் என்று பெயர். நோய் என்பது வேறு. கையில் தடிப்பு வந்தும் வாழ்நாளில் ஒரு தும்மல்கூட வராதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். 2 பிளஸ் மட்டுமே உள்ள ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்குவதும் உண்டு.

அப்படியென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. தடிப்பு பெரிதாக, ஐஜிஇ அதிகமாக, 'இந்தப் பொருள்தான் உங்கள் தொல்லைக்குக் காரணம்' என்ற சாத்தியம் ஏறும். ஒரே ஒரு பொருளுக்கு லேசாகப் பாசிட்டிவ் ஆன குழந்தையைவிட, சின்ன வயதிலேயே பல பொருள்களுக்குப் பலமாகப் பாசிட்டிவ் ஆன குழந்தைக்குப் பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் '4 பிளஸ் என்றால் 2 பிளஸைவிட இரண்டு மடங்கு நோய்' என்ற கணக்கு மட்டும் கிடையாது.

நோயின் தீவிரத்தை டாக்டர்கள் வேறு இடத்தில் தேடுகிறார்கள். மூக்குக்கு, 'ஆரியா' என்ற சர்வதேச வழிகாட்டி 2001-ல் ஒரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. தொல்லை வாரத்துக்கு நான்கு நாளுக்குக் குறைவா, அதற்கு மேலா? மாதக்கணக்கில் தொடர்கிறதா? தூக்கம் கெடுகிறதா? வேலை, பள்ளிக்கூடம், விளையாட்டு பாதிக்கப்படுகிறதா? இதில் எதிலுமே தடிப்பின் அளவு வராது. ஆஸ்துமாவுக்கும் அப்படித்தான். கடந்த நான்கு வாரத்தில் பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இரைப்பு வந்ததா, ராத்திரி எழுந்து உட்கார்ந்தீர்களா, அவசர பம்ப் எத்தனை தடவை தேவைப்பட்டது, மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்பார்கள். எவ்வளவு மருந்து கொடுத்தால் இதெல்லாம் அடங்குகிறது என்பதை வைத்துத்தான் லேசானதா, கடுமையானதா என்று முடிவு செய்வார்கள்.

மூக்கும் நுரையீரலும் ஒரே பாவு

'எனக்கு சைனஸ்தான், வீசிங் எல்லாம் இல்லை' என்பது நம் ஊரில் ரொம்பச் சாதாரணமாகக் காதில் விழுகிற வசனம். ஆனால் மூக்கின் உள்தோலும் மூச்சுக்குழாயின் உள்தோலும் ஒரே நீளத் துணி மாதிரி. ஒரு முனையில் இழுத்தால் மறுமுனை அசையும். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கிறது. மூக்கு அலர்ஜி மட்டும் உள்ளவர்களில் 10 முதல் 40 சதவிகிதம் பேருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பதாக ஆரியா வழிகாட்டி சொல்கிறது. 2000-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில், ஆஸ்துமா இல்லாத மூக்கு அலர்ஜிக்காரர்களின் மூக்கில் மட்டும் ஒவ்வாத பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். அழற்சி மூச்சுக்குழாய் வரைக்கும் எட்டியிருந்தது.

இதன் பயங்கரமான உதாரணம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் நடந்தது. 2016 நவம்பர் 21-ம் தேதி மாலை இடியோடு கூடிய புயல். ரை புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்துப் பொடிப்பொடியாகி, நுரையீரலுக்குள் போகிற அளவுக்குச் சிறிதாகிவிட்டது. முப்பது மணி நேரத்துக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுகளில் குவிந்தார்கள். பத்துப் பேர் இறந்துபோனார்கள். வந்தவர்களில் நிறைய பேருக்கு அதுவரை ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. சீசனில் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். இந்திய, இலங்கை வம்சாவளியினர் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நம்மவர்களில் பலர் அங்கே இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். புல் மகரந்த அலர்ஜி உள்ளவர்கள் அந்த ஊர்ப் புயல் எச்சரிக்கையை அலட்சியப்படுத்தக் கூடாது.

நேற்று ஒண்ணும் ஆகலையே, இன்னிக்கு மட்டும் ஏன்?

பாசிட்டிவ் ஆன பொருள் தினமும் வீட்டில் இருக்கிறது. பிறகு ஏன் சில நாள் நன்றாகவும் சில நாள் மோசமாகவும் இருக்கிறது? எல்லோரையும் குழப்பும் கேள்வி இது.

1960-களின் கடைசியில் ஜான் கானெல் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வேலை செய்தார். மகரந்த அலர்ஜி உள்ளவர்களின் மூக்கில் நாள் தவறாமல் மகரந்தத்தைச் செலுத்தி, எவ்வளவு அளவில் மூக்கு அடைக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். முதல் நாள் தேவைப்பட்ட அளவு, சில நாள்களுக்குப் பிறகு தேவைப்படவில்லை. அதில் ஒரு சிறு பங்கே போதுமானதாக இருந்தது. அதாவது, தொடர்ந்து தூண்டப்பட்ட மூக்கு மேலும் மேலும் 'உஷாராகி' விடுகிறது. திங்கட்கிழமை தாங்கிய தூசியைச் சனிக்கிழமை தாங்காது. பெட்டியைத் திறந்து பழைய துணி உதறிய வாரத்துக்கு அடுத்த வாரம், சும்மா ஊதுபத்தி வாசனைக்கே தும்முவது இதனால்தான்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரப் புகை, சமையல் தாளிப்பு, சாயப்பட்டறை ஆவி எல்லாம் பெரும்பாலும் எரிச்சலூட்டிகள். ஐஜிஇ சம்பந்தப்பட்ட அலர்ஜி அல்ல. அதனால் எந்த அலர்ஜி டெஸ்ட்டிலும் இவை பாசிட்டிவாக வராது. 'டெஸ்ட்ல சாம்பிராணி வரலையே, அப்போ ஒண்ணும் பண்ணாது' என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தூசியால் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் மூச்சுக்குழாயில் புகை பட்டால் இழுப்பு வரத்தான் செய்யும்.

ஆக, பிளஸ் என்பது துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று சொல்கிறது. எத்தனை தடவை விசை அழுத்தப்படுகிறது என்பது நீங்கள் சுவாசிக்கிற அளவில் இருக்கிறது. இதை 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகக் காட்டியது. எட்டு நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளைச் சோதித்தார்கள். அவர்கள் படுக்கையறைத் தூசியையும் அள்ளி அளந்தார்கள். கரப்பான்பூச்சிக்கு டெஸ்ட்டில் பாசிட்டிவ் ஆகி, படுக்கையறையிலும் கரப்பான் கழிவு அதிகமாக இருந்த குழந்தைகள் மற்றவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பாசிட்டிவ் மட்டும் இருந்து கரப்பான் இல்லாத வீடு, கரப்பான் இருந்தும் பாசிட்டிவ் ஆகாத குழந்தை, இந்த இரண்டு கூட்டத்திலும் அந்த ஏற்றம் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து.

இதோடு சளிக் காய்ச்சல் வைரஸும் சேர்ந்தால்? இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆஸ்துமாவோடு அட்மிட் ஆனவர்களை ஆராய்ந்தபோது அலர்ஜி, வீட்டில் அதே பொருள், வைரஸ் தொற்று மூன்றும் ஒன்றாக இருந்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு எகிறியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நெபுலைசர் வரிசை நீள்வதை இப்போது யோசித்துப் பாருங்கள். ஈரத்தில் தூசு உண்ணியும் பூஞ்சையும் பெருகுகிற அதே மாதங்களில்தான் ஊரெல்லாம் சளியும் பிடிக்கிறது.

எதற்கு பாசிட்டிவ் என்பதும் முக்கியம்

எல்லா பிளஸும் ஒரே எடை இல்லை. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலும் ஐரோப்பாவில் உள்ள 30 மையங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களைப் பார்த்தார்கள். பூஞ்சைக்குப் பாசிட்டிவ் ஆனவர்களுக்குக் கடுமையான ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மகரந்தத்துக்கும் பூனைக்கும் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. அதற்கும் முன்னால், 1991-ல், ஆஸ்துமாவால் மூச்சே நின்றுபோன இளைஞர்கள் 11 பேரைச் சோதித்தபோது, அவர்களில் 10 பேருக்கு ஆல்டர்னேரியா என்ற பூஞ்சைக்குப் பாசிட்டிவ் இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் டாக்டர்கள் இன்றுவரை மறக்காத ஆய்வு.

ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சில ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய்க்குள்ளேயே இது குடியேறிவிடும். சளி பழுப்பு நிறக் கட்டியாக வரும், எக்ஸ்ரேயில் நிழல் விழும், காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான மருந்து ஓடும். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை இந்த நோயைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறது. மொத்த ஐஜிஇ எண் உண்மையிலேயே பெரிய செய்தி சொல்கிற அரிய இடம் இதுதான். ஆயிரத்தைத் தாண்டிப் போவது சாதாரணம். மற்றபடி மொத்த ஐஜிஇ வயிற்றில் பூச்சி இருந்தாலும் ஏறும், தோல் அரிப்பு இருந்தாலும் ஏறும். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

'ஈஸ்னோபீலியா' என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. எங்கள் வீட்டில் எனக்குச் சின்ன வயதில் இழுப்பு வந்தபோது 'ஆஸ்துமா' என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவே இல்லை. 'ஈஸ்னோபீலியா' என்றே முடித்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைக்கு ஆஸ்துமா என்று தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வரும் என்று பயம். ஈஸ்னோபில் என்பது ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அது அலர்ஜியிலும் கூடும், குடற்புழுவிலும் கூடும். யானைக்கால் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினையாக, ராத்திரி இருமலோடு எக்கச்சக்கமாகக் கூடுகிற நோய் தனியாக இருக்கிறது. 1940-ல் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்து மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். 1943-ல் அதற்கு 'டிராபிகல் ஈஸ்னோபீலியா' என்ற பெயர் வந்தது. அதற்கு மருந்தே வேறு. எனவே, உங்கள் இழுப்புக்கு ஈஸ்னோபீலியா என்று யாராவது சொன்னால், 'எதனால?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

நூறு, நூற்றைம்பது பொருள்களுக்கு ஒரே ரத்தத்தில் பார்த்துத் தருகிறோம் என்று வரும் உணவு அலர்ஜி பேக்கேஜ்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஐஜிஜி' அளவை வைத்து உணவு அலர்ஜி சொல்லும் டெஸ்ட்டுகளைச் சர்வதேச அலர்ஜி மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து கத்திரிக்காய், தக்காளி, பால், முட்டை என்று எல்லாவற்றையும் நிறுத்தினால் மூக்கு நிற்காது. உடம்புதான் இளைக்கும்.

சரி, பட்டு?

பட்டு அலர்ஜி கற்பனை இல்லை. பட்டுப்புழு நூற்கும் இழையில் இரண்டு புரதங்கள் உண்டு. உள்ளே ஃபைப்ராயின் என்ற நார், வெளியே செரிசின் என்ற பசை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தப் பசைதான். கூடு வேகவைக்கும் நீராவியிலும், உள்ளே இருக்கிற கூட்டுப்புழுவிலும், அந்துப்பூச்சியின் சிறகுச் செதிலிலும் ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நிறைய. 1980-களில் கர்நாடகத்துப் பட்டு நூற்பாலைகளில் நடந்த ஆய்வில், வேலை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஆஸ்துமா இருந்தது. அதில் ஒரு பகுதி நேரடியாகப் பட்டால் வந்தது. சீனாவில் பட்டுக் கழிவு அடைத்த மெத்தையில் படுத்து ஆஸ்துமா வந்த 64 குழந்தைகளைப் பற்றிய மருத்துவ அறிக்கை 1990-ல் வெளியானது.

ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் கூடு, நூற்பு, கழிவு சம்பந்தப்பட்டவை. காஞ்சிபுரத்துக்கு வருவது பெரும்பாலும் கர்நாடகத்தில் நூற்று முறுக்கப்பட்ட பட்டு. அதைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்கிய பிறகுதான் சாயம் ஏற்றுகிறார்கள். பசை போனால் செரிசின் பெரும்பகுதி போய்விடுகிறது. எனவே, நெய்து முடித்த புடவையைக் கட்டிக்கொள்வதால் மூச்சுத்திணறல் என்பது அபூர்வம். நெசவு வேலையிலும் ஆபத்து நூற்பாலையைவிடக் குறைவு. பசை நீக்கும் இடம், கச்சாப் பட்டை ராட்டையில் சுற்றும் இடம், சாயப் பொடியை அளந்து கலக்கும் இடம், இவைதான் கண்காணிக்க வேண்டியவை. சாயப் பொடிகளில் சிலவும் தாமாகவே ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை.

தறி வீட்டில் என் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. பட்டு இழை காய்ந்தால் அறுந்துபோகும் என்பதால் நெசவுக் கூடம் கொஞ்சம் ஈரப்பதமாக, காற்றோட்டம் குறைவாகவே வைக்கப்படுகிறது. கால் வைக்கிற குழி மண்ணோடு ஒட்டி இருக்கிறது. இழைக்கு நல்ல அந்த ஈரம்தான் தூசு உண்ணிக்கும் பூஞ்சைக்கும் கரப்பானுக்கும் சொர்க்கம். இன்னொன்றும் உண்டு. பட்டுப்புழுவின் உடலில் உள்ள சில புரதங்களும் கரப்பான்பூச்சிப் புரதங்களும் ஒன்றுக்கொன்று ரொம்ப ஒற்றுமை உள்ளவை. கரப்பானுக்கு எதிராக உருவான ஐஜிஇ, பட்டுப்புழுச் சாற்றையும் 'அவன்தான் இவன்' என்று பிடித்துக்கொள்ளலாம். ஆகவே, முதலில் சொன்ன ரிப்போர்ட்டில் இருக்கும் 'பட்டு 2 பிளஸ்' உண்மையில் அடுப்படிக் கரப்பானின் நிழலாகக்கூட இருக்கலாம். அதை நம்பித் தறியை விற்றுவிட்டு அதே வீட்டில் அதே தலையணையில் தூங்கினால், இழுப்பு அப்படியே இருக்கும், வருமானம்தான் போயிருக்கும்.

தறியா, தலையணையா... கண்டுபிடிப்பது எப்படி?

பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் மருந்துக்கடையில் கிடைக்கும். முழு மூச்சை இழுத்து, ஒரே ஊதாக ஊதினால் எண் காட்டும். மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுந்ததும், மதியம், தறியை விட்டு இறங்கியதும், தூங்கப்போகும் முன்னும் என்று நாளைக்கு நான்கு தடவை. தறி ஓடுகிற நாளிலும் ஓடாத நாளிலும் விடாமல், குறைந்தது இரண்டு, மூன்று வாரம் குறிக்க வேண்டும்.

அமாவாசை அன்று தறிக்கு ஓய்வு விடுகிற வழக்கம் நெசவாளர்களிடம் உண்டு. ஆனால் ஒருநாள் ஓய்வு போதாது. அழற்சி அடங்க நாள்கள் பிடிக்கும். பொங்கல், தீபாவளியை ஒட்டி நான்கைந்து நாள் தறி நிற்கும்போது, கூடவே வெளியூரில் தங்குகிற நாள்களையும் தனியாகக் குறியுங்கள். வீட்டிலேயே இருந்து, தறி மட்டும் நின்றபோது எண் ஏறுகிறது என்றால் சந்தேகம் வேலையின் மேல். தறி நின்றும் ஏறாமல், ஊருக்குப் போனபோது மட்டும் ஏறுகிறது என்றால் சந்தேகம் வீட்டின் மேல். இந்த நோட்டை எடுத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். சென்னை சேத்துப்பட்டு நெஞ்சக நோய் நிலையம், தாம்பரம் சானடோரியம் போன்ற அரசு மருத்துவமனைகள் இதற்கென்றே இருக்கின்றன. டெஸ்ட் ரிப்போர்ட்டைவிட இந்த நோட்டுக்கு அவர்கள் அதிக மதிப்புக் கொடுப்பார்கள்.

ஒருவேளை வேலைதான் காரணம் என்று உறுதியானால், தள்ளிப்போடாதீர்கள். தொழிலால் வரும் ஆஸ்துமாவில், அறிகுறி ஆரம்பித்து எவ்வளவு சீக்கிரம் அந்தப் பொருளிலிருந்து விலகுகிறோமோ அவ்வளவுக்கு முழுதாகக் குணமாக வாய்ப்பு. வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டு வேலை செய்தவர்களுக்கு, வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிவிடுகிறது. விலகுவது என்றால் நெசவையே விடுவது என்று அர்த்தமில்லை. ராட்டை சுற்றுவது, சாயம் கலப்பது மட்டும் வேறு ஆளிடம் போகலாம். பெரும்பாலும் மூக்குதான் முதலில் எச்சரிக்கும். வேலை நாளில் மட்டும் வருகிற தும்மலை 'தும்மல்தானே' என்று விடாதீர்கள்.

வீடுதான் காரணம் என்றால், முதலில் படுக்கையைத் தறிக்கூடத்திலிருந்து பிரிக்க முடியுமா பாருங்கள். இடமில்லை என்பது எனக்கும் தெரியும். ஒரு திரைகூட முழுப் பலன் தராது. ஆனால் படுக்கையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைப்பது பலன் தரும். பழைய இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தையைவிடக் கோரைப்பாய் நல்லது. தூசு உண்ணி ஒளிய அதில் பஞ்சு இல்லை. போர்வை, தலையணை உறையை வாரம் ஒருமுறை கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வெயிலில் காயப்போடுவது உண்ணியைக் கொல்லும். ஆனால் அலர்ஜி தருவது அதன் கழிவு. அது துவைத்தால்தான் போகும். உலர் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழுந்து காற்றில் நிற்கும். ஈரத்துணி போட்டுத் துடையுங்கள். குழியை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், அதுவும் இழுப்பு உள்ளவர் அல்ல, வேறு ஒருவர், முகக்கவசத்தோடு. கரப்பானுக்கு ஸ்பிரே அடித்தால் அந்தப் புகையே இழுப்பைக் கிளப்பும். ஜெல் மருந்து வையுங்கள். சுவரில் பூஞ்சைக் கறை இருந்தால் சுண்ணாம்பு அடித்து மறைப்பதற்கு முன்னால், ஓடு ஒழுகுவதை அடைத்தாக வேண்டும்.

மருந்தில் நடக்கும் இரண்டு தப்பு

மூக்கடைப்பு உடனே விடும் சொட்டு மருந்து ஒன்று. அதை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால், விட்டவுடன் முன்பைவிட மோசமாக அடைக்கும். அப்புறம் அதையே நம்பி வாழ வேண்டியதாகிவிடும். அதற்குப் பதில் டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுதாக வேலை செய்யச் சில நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். இரண்டாம் நாளே 'கேட்கலை' என்று நிறுத்திவிடுகிறோம். அடிக்கும்போது முனையை மூக்கின் நடுத்தண்டை நோக்கி வைக்காமல், அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள், ரத்தம் வராது.

இன்னொரு தப்பு பெரிது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 சதவிகிதம் பேர்தான் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 40 சதவிகிதத்துக்கு மேல் இங்கே என்கிறது உலக நோய்ச்சுமைக் கணக்கீடு. 'இன்ஹேலர் பழக்கமாயிடும்' என்ற பயமும், இழுப்பு வரும்போது மட்டும் அவசர பம்ப் அடித்துச் சமாளிப்பதும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. அந்த பம்ப் மூச்சுக்குழாயைத் திறந்துவிடும், அழற்சியை ஆற்றாது. அத்திவரதர் நாற்பது வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்த அதே 2019-ல்தான், 'ஜினா' என்ற சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி, லேசான ஆஸ்துமாவுக்குக்கூட வெறும் அவசர பம்ப்பை மட்டும் கொடுக்கக் கூடாது, கூடவே உறிஞ்சும் ஸ்டீராய்டு வேண்டும் என்று மாற்றி எழுதியது. உங்கள் பம்ப் எந்த வகை என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேளுங்கள்.

அலர்ஜி ஊசி, நாக்கடி மருந்து பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கேதான் அந்த பிளஸ் உண்மையிலேயே தேவைப்படுகிறது. எந்தப் பொருளுக்கு எதிராக உடலைப் பழக்குவது என்று அது சொல்லும். பொதுவாக மூன்று வருஷ சிகிச்சை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது அதை ஆரம்பிப்பது ஆபத்து. எமர்ஜென்சி வசதி உள்ள இடத்தில், போட்டுக்கொண்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு, நகம் நீலம் பூக்கிறது, பம்ப் அடித்தும் பத்து, பதினைந்து நிமிடத்தில் இறங்கவில்லை என்றால் நோட்டு, ரிப்போர்ட் எதையும் தேட வேண்டாம். உட்காரவைத்தபடியே, படுக்கவைக்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள்.